ரிசார்ட்டில் சாப்பாட்டுக்கு முன்பணம் கட்டலாமா? வடசென்னைக் குடும்பங்களுக்கான முழு வழிகாட்டி

முழு ஆண்டுத் தேர்வு முடிந்தால் தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர், திருவொற்றியூர் என்று எல்லா வீட்டிலும் ஒரே பேச்சுதான். பிள்ளைகளை எங்கே அழைத்துப் போவது? பெங்களூரு வொண்டர்லாவா, ஐதராபாத் ராமோஜி பிலிம் சிட்டியா? கொஞ்சம் சேர்த்து வைத்தவர்களுக்குச் சிங்கப்பூர். சொந்தக்காரர் யாராவது அமெரிக்காவில் இருந்தால் ஆர்லாண்டோ டிஸ்னி. அறை வாடகை பேசி முடித்ததும் விடுதிக்காரரோ டிராவல்ஸ்காரரோ அடுத்ததாகக் கேட்பார்: "சாப்பாட்டோட சேத்துப் போட்டுடலாமா சார்?"

அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் இந்த வழிகாட்டி. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு அந்த ஒரு பதிலில் உள்நாட்டுப் பயணம் என்றால் ஆயிரம், இரண்டாயிரமும் வெளிநாடு என்றால் பல்லாயிரமும் கூடலாம், குறையலாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலை உணவு சேர்ந்த அறை பெரும்பாலும் லாபம். இரவு உணவை, விடுதி ஊரை விட்டுத் தள்ளி இருந்தால் மட்டும் சேர்த்து வாங்குங்கள். மதிய உணவை விடுதியில் முன்கூட்டியே வாங்க வேண்டாம், ஏனென்றால் அந்த நேரத்தில் நீங்கள் பூங்காவுக்குள் ராட்டினத்துக்கு வரிசையில் நின்றுகொண்டிருப்பீர்கள். இந்த மூன்றுக்கும் விதிவிலக்கு உண்டு. உங்கள் குடும்பம் அந்த விதிவிலக்கில் வருமா என்று பார்க்கத்தான் கீழே உள்ள படிகள்.

முதல் படி: விலையைப் பார்க்காதீர்கள், நாளை எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, பயணத்தின் ஒவ்வொரு நாளிலும் காலை எட்டு, மதியம் ஒன்று, இரவு எட்டு மணிக்கு எங்கே இருப்பீர்கள் என்று எழுதுங்கள். இதைச் செய்யாமல் விலைப்பட்டியலைத் திறந்தால் "மூன்று வேளையும் சேர்த்து" என்ற சொல்லே மலிவாகத் தெரியும்.

பெங்களூரு பயணத்தையே பார்ப்போம். வொண்டர்லா பூங்கா மைசூரு சாலையில் பிடதி பக்கம் இருக்கிறது, அதை ஒட்டியே அவர்களுடைய ரிசார்ட்டும் உண்டு. சென்ட்ரலில் அதிகாலை ரயில் பிடித்தால், காலை உணவு ரயிலில். பெங்களூரில் இறங்கி வண்டி பிடித்துப் போய்ச் சேர மதியம் ஆகிவிடும். விடுதிகளில் அறை கொடுக்கும் நேரம் பொதுவாக மதியம் 12 மணியிலிருந்து 2 மணிக்குள். நீங்கள் பெட்டியை வைத்துவிட்டு வருவதற்குள் மதிய பஃபே மூடும் நேரம் நெருங்கியிருக்கும். மறுநாள் காலை பத்தரைக்குள் சாப்பிட்டு முடித்துப் பூங்காவுக்குள் போனால் மாலைதான் வெளியே வருவீர்கள். ஆக, இரண்டு நாள் பயணத்தில் விடுதி மேசையில் நீங்கள் உறுதியாக உட்காருவது முதல் நாள் இரவும் மறுநாள் காலையும் மட்டும்தான்.

தாளில் அப்படி உறுதியான வேளைகளுக்கு மட்டும் வட்டம் போடுங்கள். "முடிந்தால் வந்து சாப்பிடலாம்" என்ற வேளைக்கு வட்டம் வேண்டாம். தண்ணீரில் ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளை மதியச் சாப்பாட்டுக்காக ஈரத் துணியோடு வெளியே இழுத்து வர எந்தப் பெற்றோராலும் முடியாது.

இரண்டாவது படி: எழுத்துகளுக்கு என்ன பொருள்

இந்திய விடுதிகள் கொடுக்கும் விலைச்சீட்டில் நான்கு சுருக்கங்கள் வரும். ஈ.பி. என்றால் அறை மட்டும். சி.பி. என்றால் அறையும் காலை உணவும். எம்.ஏ.பி. என்றால் காலை உணவோடு மதியம் அல்லது இரவு, ஏதாவது ஒரு வேளை. ஏ.பி. என்றால் மூன்று வேளையும்.

முதல் படியில் போட்ட வட்டங்களை இந்த நான்கில் பொருத்திப் பாருங்கள். பூங்கா விடுதியில் ஓர் இரவு தங்குகிற பெரும்பாலான குடும்பத்துக்குப் போட்டி சி.பி.க்கும் எம்.ஏ.பி.க்கும் இடையில்தான், ஏ.பி. பேச்சுக்கே வராது. எம்.ஏ.பி. கேட்கும்போது இரண்டு விஷயங்களைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். மதியமா இரவா என்று நாமே தேர்ந்தெடுக்கலாமா? முதல் நாள் எந்த வேளையில் தொடங்கி, கடைசி நாள் எந்த வேளையில் முடிகிறது? ஒரே எழுத்துக்கு விடுதிக்கு விடுதி நடைமுறை மாறும். "முதல் நாள் மதியத்திலிருந்து" என்று சொன்னால், அந்த மதியம் நீங்கள் ஜோலார்பேட்டையைத் தாண்டும் நேரமாக இருக்கலாம்.

இன்னொன்று. கூட்டம் குறைவான நாள்களில் பல ரிசார்ட்டுகள் பஃபே வைப்பதில்லை. குறிப்பிட்ட நான்கைந்து பண்டங்களைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிடுவார்கள். வார நாளில் போகிறவர்கள் இதை முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. பஃபே என்று நினைத்துப் பணம் கட்டிவிட்டு இரண்டு சப்பாத்தியும் ஒரு குருமாவும் வந்தால் பிள்ளைகளின் முகம் வாடிவிடும்.

மூன்றாவது படி: யார் யார், என்ன வயது, எவ்வளவு சாப்பிடுவார்கள்

பணம் கசிவது பெரும்பாலும் இங்கேதான். திட்டத்தின் விலை தலைக்கு இவ்வளவு என்று போடப்படுகிறது. நம் வீட்டுத் தலைகளோ ஒன்று போல் இல்லை.

ஆயாவை எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை இருக்கும். இரவில் இரண்டு இட்லி, இல்லாவிட்டால் ஒரு சப்பாத்தி, கொஞ்சம் மோர். அவருக்கும் பஃபேயில் முழு ஆள் விலைதான். அதற்கு மேல், மாத்திரை அல்லது இன்சுலினுக்கு ஏற்ற நேரத்தில் சாப்பிட வேண்டியவர் அவர். பஃபே எட்டு மணிக்குத்தான் திறக்கும் என்றால் ஏழு மணிக்குச் சாப்பிட வேண்டியவருக்கு அந்தத் திட்டத்தால் என்ன பயன்? அவருக்கு மட்டும் தனியாக ஆர்டர் செய்ய விடுகிறார்களா என்று கேளுங்கள். சில விடுதிகள் ஒப்புக்கொள்ளும், சில இடங்களில் அறையில் உள்ள எல்லோருக்கும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும் என்பார்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் வயதுக்கோடு எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். ஐந்து வயது வரை இலவசம், ஆறிலிருந்து பன்னிரண்டு வரை பாதிக்கு மேல் என்பது இங்கே பரவலான வழக்கம். வெளிநாட்டில் கோடு வேறு இடத்தில் இருக்கும். ஆர்லாண்டோ டிஸ்னியில் பத்து வயது ஆகிவிட்டாலே முழு ஆள்.

மறுபக்கமும் உண்டு. கல்லூரியில் படிக்கிற இரண்டு பையன்கள், மூன்று மணி நேரம் நீச்சல் குளத்தில் கிடந்துவிட்டு வந்து உட்கார்ந்தால், அவர்கள் சாப்பிடுவதைத் தனித்தனியாக ஆர்டர் செய்து மாளாது. அப்படிப்பட்ட வீட்டுக்குப் பஃபே நிச்சயம் லாபம்.

அப்புறம் நாள்காட்டி. காலாண்டு விடுமுறையிலும் நிறையப் பேர் கிளம்புகிறோம், அது புரட்டாசியில் வரும். கறி, மீன் தொடாத மாதம். பஃபேயில் கோழியும் மீனும் இருக்கும், விலையும் அதற்குத் தகுந்தபடி இருக்கும், நீங்கள் எடுப்பது சாம்பார் சாதமும் பனீரும். சைவத்துக்கென்று தனி விலை வைக்கிற விடுதிகள் குறைவு. ராயபுரத்தில் தவக்காலம் கடைப்பிடிக்கிற வீடுகளுக்கும், ஆடியில் விரதம் இருக்கிறவர்களுக்கும் இதே கணக்குத்தான். சௌகார்பேட்டையில் வெங்காயம் பூண்டு சேர்க்காத குடும்பங்கள் பஃபேக்கு முன்பணம் கட்டும் முன் சமையலறையோடு பேசிவிட வேண்டும். மண்ணடி, தண்டையார்பேட்டையில் இருந்து போகிறவர்கள் ஹலால் பற்றி எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "இருக்கும் சார்" என்ற வாய்ச்சொல் போதாது.

நான்காவது படி: கையில் காசு கொடுத்துச் சாப்பிட்டால் எவ்வளவு?

விடுதி உணவகத்தின் விலைப்பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். தயங்காமல் கேளுங்கள், பெரும்பாலும் அனுப்புவார்கள். பிறகு உங்கள் குடும்பம் உண்மையில் என்ன ஆர்டர் செய்யுமோ அதை மட்டும் கூட்டுங்கள்.

ஓர் உதாரணம். விலைகள் கணக்குக்காக நான் வைத்தவை, நீங்கள் உங்கள் விடுதியின் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். அப்பா, அம்மா, ஆயா, பதினொரு வயதுப் பெண், ஆறு வயதுப் பையன். சி.பி.யிலிருந்து எம்.ஏ.பி.க்கு மாற, வரியோடு சேர்த்துப் பெரியவருக்கு 850, பிள்ளைக்கு 500 ரூபாய் கூடுதல் என்று வைப்போம். மூன்று பெரியவருக்கு 2,550, இரண்டு பிள்ளைக்கு 1,000, ஆக மொத்தம் 3,550 ரூபாய்.

அதே இரவு மேசையில் உட்கார்ந்து ஆர்டர் செய்தால்? இரண்டு பிரியாணி 840, சப்பாத்தி 180, பருப்பு 280, ஒரு சிக்கன் கிரேவி 420, தயிர்சாதம் 200, தண்ணீர் பாட்டில்கள் 100. கூட்டினால் 2,020. 18 சதவீத வரி போட்டாலும் ஏறக்குறைய 2,384 ரூபாய்தான். திட்டத்தைவிட ஆயிரத்துச் சொச்சம் குறைவு. ஆயாவும் சின்னவனும் கொஞ்சமாகச் சாப்பிடுகிறவர்கள், பிரியாணியை நாலு பேர் பகிர்ந்துகொள்வார்கள் என்பதால் வந்த லாபம் இது. அந்த இருவருக்குப் பதில் இரண்டு இளைஞர்களை உட்காரவைத்தால் கணக்கு தலைகீழ்.

பகிர்ந்து சாப்பிடும் பழக்கம் நமக்கு இருக்கிறதே, அதுதான் இதில் பெரிய விஷயம். தலைக்கு ஒரு தட்டு என்று கணக்குப் போடும் திட்டத்தில் பகிர்வதற்கு இடமே இல்லை.

வரி பற்றி ஒரு வார்த்தை. சாதாரண உணவகத்தில் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். ஆனால் முந்தைய நிதியாண்டில் ஏதாவது ஓர் அறையை நாளுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் விற்ற விடுதி என்றால், அதற்குள் இருக்கும் உணவகத்துக்கு 18 சதவீதம். இந்த முறை 2025 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. பெரிய ரிசார்ட்டுகள் பலவும் இதில் வந்துவிடும். ஆகவே திட்டத்தின் விலையையும் மெனு விலையையும் ஒப்பிடும்போது இரண்டும் வரியோடா, வரியில்லாமலா என்று பாருங்கள். திட்டத்தை வரியில்லாமல் சொல்லிவிட்டு, மெனுவை வரியோடு நீங்கள் கூட்டினால் ஒப்பீடே தவறாகிவிடும். சேவைக் கட்டணத்தைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதைச் சரியென்றது.

ஐந்தாவது படி: விடுதியைச் சுற்றி என்ன இருக்கிறது?

வரைபடத்தில் விடுதியை வைத்து, நடக்கிற தூரத்திலும் பத்து நிமிட ஆட்டோ தூரத்திலும் உணவகம் இருக்கிறதா என்று பாருங்கள். இரவு ஒன்பது மணிக்குத் திறந்திருக்குமா என்பதையும் சேர்த்து.

ராமோஜி பிலிம் சிட்டி 1,600 ஏக்கருக்கு மேல் பரந்து, ஐதராபாத் நகரை விட்டுத் தள்ளி இருக்கும் இடம். உள்ளேயே தங்கினால் இரவில் வெளியே போய் ஐதராபாத் பிரியாணி சாப்பிட்டு வரலாம் என்ற திட்டம் களைத்த பிள்ளைகளோடு நடக்காது. அங்கே தங்கும் தொகுப்பில் உணவும் சேர்ந்து வந்தால் அதை எடுத்துக்கொள்வதே நிம்மதி. மும்பை புனே விரைவுச்சாலைப் பக்கம் கோப்போலியில் உள்ள இமேஜிகாவிலும் விடுதியோடு ஒட்டிய பூங்காதான், வெளியே போய்வர வண்டி வேண்டும்.

சிங்கப்பூர் முற்றிலும் வேறு. யுனிவர்சல் ஸ்டுடியோஸ் இருக்கும் செந்தோசாவுக்கு எதிர்க்கரையில் ஹார்பர்ஃபிரன்ட். அங்கே விவோசிட்டி வளாகத்தில் உணவுக்கூடம், பக்கத்திலேயே சியா இம் உணவங்காடி. ஹார்பர்ஃபிரன்டிலிருந்து ஊதா நிற ரயிலில் ஏறினால் மாறாமல் லிட்டில் இந்தியாவில் இறங்கலாம். தேக்கா சந்தையிலும் சிராங்கூன் சாலையிலும் நம் சாப்பாடு கிடைக்கும். அதனால் செந்தோசாவில் மூன்று வேளைத் திட்டம் என்று யாராவது சொன்னால் வேண்டாம். பூங்கா டிக்கெட்டோடு விற்கும் உணவுக் கூப்பனை மட்டும், அதன் முகமதிப்பு நீங்கள் கொடுக்கும் விலையைவிட அதிகமாக இருந்தால் வாங்கலாம். மிச்சம் பணமாகத் திரும்பாது என்பதை நினைவில் வைத்து, சின்ன மதிப்புக் கூப்பனாக எடுங்கள். சிங்கப்பூரில் மெனு விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், 10 சதவீதச் சேவைக் கட்டணமும் 9 சதவீத ஜி.எஸ்.டி.யும் மேலே வரும். கூப்பன் அவற்றையும் சேர்த்ததா என்று கேளுங்கள்.

இரவு தங்காமல் போய்த் திரும்பும் பூங்காவுக்கு விதி மாறும். 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் வொண்டர்லா சென்னை திறந்தது. திருவொற்றியூர், மணலி, எண்ணூர்க்காரர்கள் மீஞ்சூர் வண்டலூர் வெளிவட்டச் சாலையைப் பிடித்து, கேளம்பாக்கம் வழியாகப் போகலாம். காலைச் சாப்பாடு வீட்டில் அல்லது வழியில், இரவுச் சாப்பாடு திரும்பும் வழியில் ஓ.எம்.ஆரில். பூங்காவுக்குள் கட்டாயமாகச் சாப்பிட வேண்டியது மதியம் மட்டும். நம் ஊர்ப் பூங்காக்கள் பெரும்பாலும் வெளி உணவை உள்ளே விடுவதில்லை. ஆகவே இப்படிப்பட்ட நாளில், விடுதியில் வேண்டாம் என்று நான் சொன்ன அதே மதிய உணவைத்தான் முன்கூட்டியே வாங்கலாம். டிக்கெட்டும் சாப்பாடும் சேர்ந்த விலையில் டிக்கெட்டைக் கழித்து, மிச்சம் உள்ளே ஒரு வேளைக்கு ஆகும் செலவைவிடக் குறைவா என்று பார்த்தால் போதும். மகளிர் குழுவாகவோ தெருக்காரர்கள் சேர்ந்து வேன் எடுத்தோ போனால் குழு விலை கேளுங்கள்.

ஆறாவது படி: டிஸ்னி கணக்கு

ஆர்லாண்டோவில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டின் உணவுத் திட்டம்தான் உலகிலேயே அதிகம் விவாதிக்கப்படுவது, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். கொரோனா காலத்தில் நிறுத்தியதை 2024 ஜனவரியில் மறுபடி தொடங்கினார்கள். டிஸ்னியின் சொந்த விடுதியில் தொகுப்பாக அறை எடுப்பவர்களுக்கு மட்டும் கிடைக்கும்.

இரண்டு வகை. முதலாவது விரைவு உணவுத் திட்டம்: தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் ஆளுக்கு இரண்டு கவுன்ட்டர் சாப்பாடு, ஒரு நொறுக்குத்தீனி. இரண்டாவது டிஸ்னி டைனிங் பிளான்: ஒரு மேசைச் சாப்பாடு (உட்கார்ந்த இடத்துக்கே கொண்டுவந்து பரிமாறுவது), ஒரு கவுன்ட்டர் சாப்பாடு, ஒரு நொறுக்குத்தீனி. இரண்டிலும் ஆளுக்கு ஒரு குவளை தருவார்கள், விடுதியில் எத்தனை முறை வேண்டுமானாலும் நிரப்பிக்கொள்ளலாம். பூங்காவுக்குள் அது செல்லாது. 2024இல் முதலாவதன் விலை பெரியவருக்கு இரவுக்கு 57.01 டாலர், பிள்ளைக்கு 23.83. இரண்டாவது 94.28, பிள்ளைக்கு 29.69. பிள்ளை என்றால் 3 முதல் 9 வயது. விலை ஏறிக்கொண்டே போவதால் நீங்கள் போகும் ஆண்டின் விலையை டிஸ்னி தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், கணக்குப் போடும் முறை ஒன்றுதான்.

மேலே சொன்ன குடும்பத்திலிருந்து ஆயாவை விட்டுவிட்டு நான்கு பேரை எடுப்போம். பதினொரு வயதுப் பெண் இங்கே முழு ஆள். விரைவுத் திட்டம்: மூன்று பேருக்கு 171.03, பையனுக்கு 23.83, ஆக ஓர் இரவுக்கு 194.86 டாலர். ஐந்து இரவுக்கு 974.30. டாலர் 88 ரூபாய் என்று வைத்தால் 85,700 ரூபாயைத் தாண்டும். இரண்டாவது திட்டம் ஐந்து இரவுக்கு 1,562.65 டாலர், அதாவது ஏறக்குறைய 1,37,500 ரூபாய்.

இனி எதிர்க்கணக்கு. கவுன்ட்டரில் ஒரு பெரியவர் சாப்பிட 15 டாலர், குளிர்பானம் 5 என்று தோராயமாக வைத்தால் இரண்டு வேளைக்கு 40. நொறுக்குத்தீனி 7. குவளையை ஒரு நாளுக்கு 4 டாலர் என்று சேர்த்தாலும் 51. திட்டமோ 57. இந்த இடைவெளிக்கு முக்கியக் காரணம் மதுபானம். 21 வயது நிறைந்தவர் சாப்பாட்டோடு பீரோ காக்டெயிலோ எடுக்கலாம் என்று வைத்துத்தான் அந்த விலை. குடிக்காதவரும் அதற்குப் பணம் கட்டுகிறார். பதினொரு வயதுப் பெண் பிள்ளைகள் மெனுவிலேயே சாப்பிடுகிறவள் என்றால் அவளுக்கு ஒரு நாள் உண்மைச் செலவு 25 டாலர் ஆகலாம், கட்டுவது 57. ஐந்து நாளில் அவள் ஒருத்திக்கே 160 டாலர் போய்விடும்.

இரண்டாவது திட்டத்தில் நிலைமை கொஞ்சம் வேறு. மிக்கி, மின்னி வேடமிட்டவர்கள் மேசைக்கு மேசை வந்து பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொள்ளும் விருந்துகள் உண்டு. அதற்குப் பெரியவருக்கு 60 டாலருக்கு மேல், பிள்ளைக்கு 40 டாலர் பக்கம் ஆகும். 29.69 டாலர் திட்டத்தில் உள்ள ஆறு வயதுப் பையனுக்கு அந்த ஒரு விருந்திலேயே போட்ட பணம் வந்துவிடும். பெரியவருக்கு அப்படிப்பட்ட நாளில் ஏறக்குறையச் சமம். சாதாரண மேசைச் சாப்பாடு என்றால் பெரியவருக்கு ஒரு நாளில் 20 டாலருக்கு மேல் நட்டம். ஆக, தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் மிக்கி விருந்துக்குப் போகிற, பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இருவர் மூவர் உள்ள வீடு என்றால் இரண்டாவது திட்டத்தை யோசிக்கலாம். 2026 வருகைகளுக்குப் பெரியவர்கள் திட்டம் வாங்கினால் 3 முதல் 9 வயதுப் பிள்ளைகளுக்கு இலவசம் என்று டிஸ்னி அறிவித்தது. அது சின்னப் பிள்ளைகள் அதிகம் உள்ள வீட்டுக்குக் கணக்கையே மாற்றுகிறது. மற்றவர்களுக்கு என் பதில் வேண்டாம் என்பதே.

சில விதிகளை மறக்கக் கூடாது. ஒரே முன்பதிவில் உள்ள, மூன்று வயது நிறைந்த எல்லோரும் ஒரே திட்டத்தில் இருக்க வேண்டும், உங்களுக்கு மட்டும் வாங்க முடியாது. கணக்கு இரவுகளுக்கு, நாள்களுக்கு அல்ல. திட்டத்தில் உள்ள ஒவ்வொரு சாப்பாட்டு உரிமைக்கும் கிரெடிட் என்று பெயர், பெரிய உணவகங்கள் சிலவற்றில் ஒரு சாப்பாட்டுக்கு இரண்டு கிரெடிட் கழிப்பார்கள். டிப்ஸ் திட்டத்தில் இல்லை. 18 முதல் 20 சதவீதம் கையிலிருந்து கொடுக்க வேண்டும், ஆறு பேர் அதற்கு மேல் சேர்ந்து உட்கார்ந்தால் 18 சதவீதம் தானாகவே சேரும். மேசை விருந்துகளுக்கு 60 நாளுக்கு முன்பே பதிவு தொடங்கிவிடும், அப்போதே பதிவு செய்துவிட வேண்டும். பதிவு கிடைக்காமல் திட்டத்தை மட்டும் வாங்கி வைத்தால் மேசைக் கிரெடிட்டை எங்கே செலவழிப்பது என்று அங்கே போய் அலைய நேரும்.

சைவக்காரர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. அனிமல் கிங்டம் லாட்ஜில் சானா என்ற உணவகம் ஆப்பிரிக்க, இந்தியச் சுவைகளில் சமைக்கிறது. நாண் வகைகளும் பலவகைத் தொக்கு, சட்னிகளும் சேர்ந்த அதன் ரொட்டித் தட்டு பேர்போனது. ஆனால் பொதுவாகச் சைவப் பண்டத்தின் விலை இறைச்சிப் பண்டத்தைவிடக் குறைவு, கிரெடிட்டோ எதை எடுத்தாலும் ஒன்றுதான் கழியும். சைவக் குடும்பத்துக்கு இந்தத் திட்டம் கட்டுப்படியாகாததற்கு அது போதும்.

டிஸ்னி பூங்காக்களுக்குள் சொந்தச் சாப்பாடு எடுத்துப் போகத் தடை இல்லை, கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது. ஆர்லாண்டோவில் இந்திய மளிகைக் கடைகளும் உண்டு. காலையில் அறையில் ரொட்டி, பழம், பால், மதியம் கவுன்ட்டர், ஒருநாள் மட்டும் மிக்கி விருந்து என்று கையில் காசு கொடுத்துப் போவதுதான் நம் குடும்பங்களுக்குச் சரிப்படும். ஊரிலிருந்து பொடி, முறுக்கு எடுத்துப் போகலாம். இறைச்சி சேர்ந்த எதையும் எடுத்துப் போகாதீர்கள், அமெரிக்கச் சுங்கத்தில் பிடுங்கிவிடுவார்கள்.

வெளிநாட்டுத் தொகுப்பை இங்குள்ள டிராவல்ஸில் வாங்கினால் டி.சி.எஸ்., அதாவது விற்கிறவரே முன்கூட்டி வாங்கிக் கட்டும் வருமான வரி, பிடிப்பார்கள். உணவுத் திட்டத்தையும் அதில் சேர்த்தால் பிடிக்கும் தொகை அந்த அளவுக்குக் கூடும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது திரும்பக் கிடைக்கும் பணம்தான், ஆனாலும் பயணத்துக்கு முன் கையைக் கடிக்கும்.

ஏழாவது படி: பணத்தில் சேராத லாபம்

கூட்டினால் நட்டம் என்று தெரிந்தும் சிலர் திட்டம் வாங்குகிறார்கள், அதை நான் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆண்டு முழுவதும் கணக்குப் பார்த்தே வாழ்கிற வீட்டில், பிள்ளை ஐஸ்கிரீம் கேட்கும்போது விலைப்பலகையைப் பார்க்காமல் "எடுத்துக்கோம்மா" என்று சொல்ல முடிவது பெரிய விஷயம். ஆயா "எவ்வளவு ஆச்சோ" என்று கவலைப்பட்டுப் பாதிப் பசியோடு எழுந்துவிடுகிற வீடுகள் உண்டு. முன்பே பணம் கட்டியாகிவிட்டது என்று தெரிந்தால் அவர் நிம்மதியாகச் சாப்பிடுவார். அந்த நிம்மதிக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று நீங்களே ஒரு தொகை வையுங்கள். நான்காவது படியில் வந்த வித்தியாசம் அந்தத் தொகைக்குள் இருந்தால் தாராளமாக வாங்குங்கள்.

வேறு வழியும் இருக்கிறது. திட்டத்துக்கு ஆகும் பணத்தில் முக்கால் பங்கைத் தனி உறையிலோ தனி யு.பி.ஐ. கணக்கிலோ போட்டு, "இது சாப்பாட்டுக்கு மட்டும்" என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். பணம் நம் கையில் இருக்கும், தயக்கமும் இருக்காது.

எட்டாவது படி: கட்டுவதற்கு முன் எழுத்தில் கேட்க வேண்டியவை

தொலைபேசியில் பேசியதை வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ ஒருமுறை எழுதி அனுப்பி, "சரிதானே?" என்று கேட்டு உறுதி வாங்குங்கள். எந்த வேளையில் தொடங்கி எதில் முடியும்? பஃபேயா, தட்டுச் சாப்பாடா? குடிநீர் பாட்டில், காபி, டீ சேர்ந்ததா? பூங்காவுக்குள் உள்ள உணவகத்தில் இந்தத் திட்டம் செல்லுமா, விடுதி விருந்தினர் மதியம் வெளியே வந்து மறுபடி உள்ளே போகலாமா? கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்று பதில் வந்தால், மதிய உணவு வேண்டாம் என்று நான் சொன்னதைக்கூட நீங்கள் மறுபரிசீலனை செய்யலாம். பயணத்தை ரத்து செய்தால் சாப்பாட்டுப் பணம் திரும்புமா? பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து ஒரு வேளை போகாவிட்டால்? பெரும்பாலும் திரும்பாது என்றே சொல்வார்கள், அதைத் தெரிந்தே கட்டுங்கள்.

இன்னொரு வழியும் பல இடங்களில் உண்டு. சி.பி.யில் அறை எடுத்துவிட்டு, அங்கே போனபின் இரவு பஃபேயைப் பார்த்துப் பிடித்தால் அன்றைக்கு மட்டும் வாங்கலாமா, என்ன விலை என்று கேளுங்கள். முன்பணம் கட்டுவதற்கும் அப்போது வாங்குவதற்கும் தலைக்கு ஐம்பது, நூறு ரூபாய்தான் வித்தியாசம் என்றால் முன்கூட்டிக் கட்ட வேண்டிய அவசியமே இல்லை. கூட்டம் நெரியும் மே மாத வாரக்கடைசியில் மட்டும் இடம் கிடைக்காமல் போகலாம், அப்போது முதலிலேயே சொல்லிவையுங்கள்.

ஒன்பதாவது படி: அங்கே போன பிறகு

திட்டம் வாங்கியிருந்தால் அறைச் சாவி வாங்கும்போதே எத்தனை பேருக்கு, எத்தனை வேளை பதிவாகியிருக்கிறது என்று ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேளுங்கள். கூப்பன் கொடுத்தால் படம் எடுத்து வையுங்கள். உணவகத்தில் பில்லில் கையெழுத்து கேட்டால், திட்டத்தில் சேர்ந்ததா தனிக் கட்டணமா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். பிள்ளைகள் கேட்டு வாங்கிய ஜூஸ், சோடா எல்லாம் பெரும்பாலும் தனிக் கணக்குத்தான். டிஸ்னியில் என்றால் ரசீதின் அடியில் மிச்சக் கிரெடிட் எத்தனை என்று அச்சாகி வரும். புறப்படும் நாள் நள்ளிரவோடு அவை காலாவதி ஆகிவிடும் என்பதால், கடைசி நாளுக்கு முந்தின இரவே எண்ணிப் பார்த்து, மிச்சமுள்ள நொறுக்குத்தீனிக் கிரெடிட்டுகளில் விமானத்துக்கு எடுத்துப் போகிற மாதிரிப் பொட்டலப் பண்டமாக வாங்கிவிடுங்கள்.

அறையைக் காலி செய்யும்போது பில்லை அவசரமில்லாமல் வரி வரியாகப் படியுங்கள். வண்டி காத்திருக்கும், பிள்ளைகள் இழுப்பார்கள், ஆனாலும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். திட்டத்தில் சேர்ந்த இரவு உணவு மறுபடி ஏறியிருக்கிறதா, சேவைக் கட்டணம் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். மறுத்தால் பில்லின் படத்தோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் புகார் செய்யலாம். தமிழிலேயே பேசலாம்.